முதல் மூன்று நிமிடம்: ஆபத்தான களங்களுக்குப் போகும் செய்தியாளர்களுக்கான பாதுகாப்பு, முதலுதவி வழிகாட்டி

2011 ஏப்ரல் 20. லிபியாவின் மிஸ்ரட்டா நகரில் தெருச்சண்டையைப் படமெடுத்துக்கொண்டிருந்த செய்தியாளர்கள் நடுவே குண்டு வந்து விழுந்தது. புகைப்படக் கலைஞர்கள் டிம் ஹெதரிங்டனும் கிறிஸ் ஹாண்ட்ரோஸும் அன்று இறந்தார்கள். ஹாண்ட்ரோஸுக்குத் தலையில் காயம். ஹெதரிங்டனுக்குத் தொடை இடுக்கில் குண்டுச் சிதறல் பாய்ந்திருந்தது. மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே ரத்தம் வடிந்து உயிர் போனது. உடன் இருந்தவர்களுக்கு ரத்தத்தை நிறுத்தத் தெரிந்திருந்தால் அவர் பிழைத்திருக்கக்கூடும் என்ற எண்ணம் அவருடைய நண்பர் செபாஸ்டியன் யுங்கரை உறுத்திக்கொண்டே இருந்தது. சுயாதீனச் செய்தியாளர்களுக்குக் கட்டணமின்றி முதலுதவி கற்றுத்தரும் 'ரிஸ்க்' என்ற பயிற்சித் திட்டத்தை அவர் தொடங்கியது அதனால்தான்.

தொடையின் பெருந்தமனி அறுந்தால் சில நிமிடங்கள்தான் கையில் இருக்கும். ஆம்புலன்ஸ் அதற்குள் வராது. போர்முனையில் ஆம்புலன்ஸே இருக்காது. அந்தச் சில நிமிடங்களில் பக்கத்தில் இருப்பவர் இன்னொரு செய்தியாளர்தான். அவருக்கு விஷயம் தெரிந்திருப்பது மட்டும் போதாது, கை பழகியிருக்க வேண்டும். இந்த வழிகாட்டியைப் படித்துவிட்டால் பயிற்சி முடிந்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எதைக் கற்க வேண்டும், எப்படிப்பட்ட பயிற்சிக்குப் போக வேண்டும், போய் வந்தபின் அதை எப்படி மறக்காமல் வைத்துக்கொள்வது என்பதற்குத்தான் இது.

பயிற்சியைத் தேர்ந்தெடுப்பது

துறையில் இருப்பவர்கள் இதை 'ஹெஃபாட்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பகைச் சூழலில் பிழைத்திருப்பதும் முதலுதவியும் சேர்ந்த பயிற்சி. வழக்கமாக மூன்று முதல் ஐந்து நாள். முன்னாள் ராணுவத்தினர், அவசர மருத்துவப் பணியாளர்கள், அனுபவமுள்ள செய்தியாளர்கள் நடத்துவார்கள். விலை கூடுதல், பெரிய நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்குக் கட்டிவிடும். தனியாக வேலை செய்பவர்கள் சொந்தப் பணத்தைப் போடும் முன் விசாரியுங்கள். மாஸ்கோவில் 1993-இல் கொல்லப்பட்ட ஒளிப்பதிவாளர் ரோரி பெக்கின் பெயரில் 1995 முதல் இயங்கும் ரோரி பெக் அறக்கட்டளை, சுயாதீனச் செய்தியாளர்களின் பயிற்சிக்கு உதவித்தொகை தந்திருக்கிறது. எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பு கவச உடையும் ஹெல்மெட்டும் இரவல் கொடுத்துவந்திருக்கிறது. செய்தியாளர்கள் ஜேம்ஸ் ஃபோலியும் ஸ்டீவன் சாட்லாஃபும் 2014-இல் சிரியாவில் கொல்லப்பட்டபின், சுயாதீனச் செய்தியாளர்களின் பாதுகாப்புக்கான நெறிகள் 2015-இல் வகுக்கப்பட்டன. அவற்றை ஏற்ற ஊடகங்களும் அமைப்புகளும் சேர்ந்ததுதான் ஏகாஸ் கூட்டணி. உங்களைக் களத்துக்கு அனுப்பும் நிறுவனம் அந்த நெறிகளை ஏற்றிருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதால் வேலை போய்விடும் என்றால், அப்படிப்பட்ட நிறுவனத்துக்காக உயிரைப் பணயம் வைக்கலாமா என்பதற்கு அதுவே பதில்.

பயிற்சியாளரிடம் மூன்று கேள்விகள். ஒன்று: ஒவ்வொருவரும் தன் கையால், தன் உடம்பிலேயே டூர்னிக்கே (கை, காலில் இறுக்கிக் கட்டி ரத்தத்தை நிறுத்தும் பட்டை) கட்டுகிறோமா, எத்தனை தடவை? நாள் முழுக்கத் திரையில் படம் ஓட்டும் பயிற்சிக்குப் போகாதீர்கள். இரண்டு: கடத்தல் நாடகம் போன்ற பயிற்சிகளில் பாதியில் விலகிக்கொள்ள வழி உண்டா? தலையில் சாக்கு போட்டு மண்டியிட வைப்பதைப் பெரிய வீரமாகக் காட்டும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். ஏற்கெனவே கடத்தலோ சித்திரவதையோ அனுபவித்தவருக்கு அது பழைய காயத்தைக் கிளறுவதாகவே முடியும். முன்கூட்டிச் சொல்லி, சம்மதம் வாங்கி, ஒரு நிறுத்தச் சொல் வைத்துக்கொண்டு, முடிந்தபின் உட்கார்ந்து பேசுகிறவர்கள்தான் நல்ல பயிற்சியாளர்கள். மூன்று: உங்கள் களம் எதுவோ அதற்கு இது பொருந்துகிறதா? ஊழல், மணல், காடு அழிப்பு பற்றி எழுதும் உள்ளூர் நிருபருக்குப் பீரங்கிக் குண்டைவிட, வீட்டு வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிள்தான் ஆபத்து. உலகெங்கும் கொல்லப்படும் செய்தியாளர்களில் பெரும்பாலோர் சொந்த ஊரில், சொந்த நாட்டில் வேலை செய்தவர்கள். பயிற்சிகளில் பல இன்னும் விமானத்தில் வந்து இறங்கும் வெளிநாட்டு நிருபரை மனதில் வைத்தே நடத்தப்படுகின்றன என்பது என் வருத்தம்.

புறப்படும் முன்: ஒரு தாள், ஒரு ஆள், ஒரு மணி

பாதுகாப்பின் பெரும்பகுதி கிளம்பும் முன்பே முடிந்துவிடுகிறது. ஆபத்து மதிப்பீடு என்றதும் பலர் அலுவலகப் படிவம் என்று முகம் சுளிப்பார்கள். படிவம் வேண்டாம், ஒரு தாளில் எழுதினாலே போதும். எங்கே போகிறேன், எதற்கு, என்னென்ன நேரலாம், நேர்ந்தால் என்ன செய்வேன், எந்த நிலை வந்தால் திரும்பிவிடுவேன். கடைசிக் கேள்விக்கு வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் பதில் எழுதி வையுங்கள். களத்தில் நிற்கும்போது, இன்னும் நூறு மீட்டர் போனால் நல்ல படம் கிடைக்கும் என்று மனசு பேரம் பேசும். அப்போது அந்தத் தாள்தான் பிடித்து நிறுத்தும்.

அந்தத் தாளில் அடுத்து எழுத வேண்டியது மருத்துவமனை. 'நகரத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறது' என்பது போதாது. காயத்துக்கு அறுவை சிகிச்சை செய்யும் வசதி எங்கே, அங்கே போக இரண்டு வழிகள் எவை, எந்த வழியில் சோதனைச் சாவடி உண்டு, ஊரடங்கு நேரத்தில் எது திறந்திருக்கும். காப்பீடு எடுத்திருந்தால் போர், கலவரம், வான்வழி மீட்பு ஆகியவற்றுக்குப் பொருந்துமா என்று சிறிய எழுத்துகளையும் படியுங்கள். சாதாரணப் பயணக் காப்பீடு பெரும்பாலும் போர் என்றதும் கைவிரித்துவிடும்.

பிறகு ஆள். களத்துக்கு வெளியே, தூங்காமல் உங்களுக்காகக் காத்திருக்கும் ஒருவர். அவரிடம் உங்கள் ரத்த வகை, ஒவ்வாமை, எடுத்துக்கொள்ளும் மருந்துகள், குடும்பத்தில் யாருக்கு முதலில் தகவல் சொல்ல வேண்டும், உங்களோடு வரும் ஓட்டுநர், மொழிபெயர்ப்பாளர் விவரங்கள் இருக்க வேண்டும். கடத்தல் அபாயம் உள்ள இடம் என்றால் 'உயிரோடு இருக்கிறார்' என்பதை உறுதிசெய்ய உங்களுக்கு மட்டுமே விடை தெரிந்த இரண்டு மூன்று கேள்விகளையும் கொடுத்துவையுங்கள். சமூக ஊடகத்தில் தேடினால் கிடைக்கும் விடை உதவாது; பிறந்த நாள், நாய்க்குட்டியின் பெயர் எல்லாம் கூடாது.

பிறகு மணி. 'அப்பப்போ கூப்பிடுறேன்' என்பது ஏற்பாடே அல்ல. காலை 8, மதியம் 1, மாலை 6 என்று நேரம் குறியுங்கள். அழைப்பு வராவிட்டால் அரை மணி நேரத்தில் அவர் யாரைக் கூப்பிடுவார், இரண்டு மணி நேரத்தில் யாரிடம் போவார் என்பதையும் எழுதிக் கொடுங்கள். சும்மா இருக்கும்போதும் நேரம் தவறாமல் கூப்பிடுகிறவர்களுக்குத்தான், ஒருநாள் அழைப்பு வராதபோது யாராவது பதறுவார்கள்.

ஓட்டுநருக்கும் உள்ளூர் உதவியாளருக்கும் கவசமோ, காப்பீடோ, முதலுதவிப் பையோ இல்லாமல் கிளம்பும் குழுக்களை நான் பார்த்திருக்கிறேன். அது அநியாயம். நடைமுறையில் முட்டாள்தனமும்கூட. உங்களுக்கு அடிபட்டால் வண்டி ஓட்டப்போகிறவர் அவர்தான்.

கவச உடை: எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது

கடையில் 'குண்டு துளைக்காதது' என்பார்கள். எந்தக் குண்டு என்று கேளுங்கள். புழக்கத்தில் உள்ள பெரும்பாலான உடைகள் அமெரிக்காவின் என்.ஐ.ஜே. தரவரிசையின் பழைய பெயர்களாலேயே அறியப்படுகின்றன. மென்மையான 3-ஏ வகை கைத்துப்பாக்கிக் குண்டுகளை நிறுத்தும். ரைஃபிள் குண்டு அதைத் துளைத்துப் போய்விடும். ரைஃபிளுக்கு மார்பிலும் முதுகிலும் கெட்டியான தகடு வேண்டும். மூன்றாம் நிலைத் தகடு சாதாரண 7.62 மி.மீ. ரைஃபிள் குண்டுக்கு, நான்காம் நிலைத் தகடு கவசத்தைத் துளைக்கும் வகைக் குண்டுக்கு. பீங்கான் தகடு கீழே விழுந்தால் வெளியே தெரியாமல் விரிசல் விடும். இரவல் வாங்கினால் தட்டிப் பார்த்து, காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள். ஹெல்மெட்டின் வேலை குண்டுச் சிதறலைத் தடுப்பது. அது ரைஃபிள் குண்டைத் தடுக்கும் என்று எண்ணாதீர்கள்.

தகட்டின் மேல்விளிம்பு கழுத்துக்குழியை ஒட்டி இருக்க வேண்டும். தொப்பையை மறைத்து நெஞ்சைத் திறந்துவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். பெண்களுக்குச் சரியான அளவு கிடைப்பது கடினம். பொருந்தாத உடை கையைத் தூக்கவே விடாது. வாங்கிய அன்றே அணிந்து ஓடி, குனிந்து, வண்டியில் ஏறி இறங்கிப் பாருங்கள்.

2022 மே 11 அன்று மேற்குக் கரையின் ஜெனினில் அல் ஜசீரா செய்தியாளர் ஷிரீன் அபு அக்லே 'பிரெஸ்' என்று எழுதிய உடையும் ஹெல்மெட்டும் அணிந்திருந்தார். குண்டு ஹெல்மெட்டின் விளிம்புக்குக் கீழே பாய்ந்து உயிரைப் பறித்தது. 1977-ஆம் ஆண்டு ஜெனீவா முதலாம் கூடுதல் நெறிமுறையின் 79-ஆவது பிரிவு செய்தியாளர்களைப் பொதுமக்களாகவே பாதுகாக்கச் சொல்கிறது. 2012-இல் சிரியாவின் ஹோம்ஸில் செய்தியாளர் மேரி கால்வின் இறந்த தாக்குதல் திட்டமிட்டது என்று 2019-இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் இருக்கிறது, தீர்ப்புக்கு ஏழு ஆண்டு ஆகிறது. 'பிரெஸ்' என்ற எழுத்து சில இடங்களில் காக்கும், சில இடங்களில் குறிவைக்கத் தோதாகிவிடும். எந்த இடம் எப்படி என்பதை அங்கே அந்த வாரம் வேலை செய்துகொண்டிருக்கும் செய்தியாளரிடம்தான் கேட்க வேண்டும்.

முதலுதவிப் பையில்

கடையில் விற்கும் முதலுதவிப் பெட்டியில் பிளாஸ்டரும் அயோடினும் இருக்கும். நமக்கு வேண்டியது வேறு: டூர்னிக்கே இரண்டு, காயத்துக்குள் திணிக்கும் காஸ் துணி (ரத்தத்தை உறைய வைக்கும் மருந்து தடவியது கிடைத்தால் நல்லது), அழுத்திக் கட்டும் பேண்டேஜ் இரண்டு, நெஞ்சுக் காயத்துக்கு ஒட்டும் வால்வு வைத்த சீல் இரண்டு, கையுறைகள், துணி வெட்டும் மழுங்கிய முனைக் கத்தரிக்கோல், வெப்பம் காக்கும் ஃபாயில் போர்வை, அழியாத மார்க்கர் பேனா. டூர்னிக்கேயில் போலிகள் ஏராளம். பாதி விலையில் கிடைத்தால் சந்தேகப்படுங்கள், முறுக்கும்போது கம்பி ஒடிந்துவிடும்.

பையை வண்டியின் டிக்கியில் வைக்காதீர்கள், உடம்பில் மாட்டிக்கொள்ளுங்கள். இரு கைகளாலும் எட்டும் இடத்தில். குழுவில் எல்லாரும் ஒரே இடத்தில் மாட்டினால் இன்னும் நல்லது, தேட வேண்டியிராது. ஒரு வழக்கம் நினைவிருக்கட்டும்: அடிபட்டவருக்கு அவருடைய பையிலிருந்தே எடுத்துப் பயன்படுத்துங்கள். உங்கள் பை உங்களுக்கு.

காயம்பட்டவர் முன்னால்: வரிசை மாறக் கூடாது

முதல் வேலை ஓடிப்போய்த் தூக்குவது அல்ல. சுற்றிலும் பாருங்கள். இன்னும் சுடுகிறார்களா? சுட்டால் அவரைக் கூப்பிட்டு, முடிந்தால் ஊர்ந்து மறைவுக்கு வரச் சொல்லுங்கள், தன் கையால் தானே டூர்னிக்கே கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்களும் விழுந்தால் இரண்டு பேரைத் தூக்க ஆள் தேட வேண்டும்.

பாதுகாப்பான மறைவுக்கு வந்தபின் ராணுவ மருத்துவர்கள் பின்பற்றும் ஐந்து படி வரிசை ஒன்று உண்டு. நான் தமிழில் இப்படி முணுமுணுத்துப் பழகியிருக்கிறேன்: ரத்தம், வழி, மூச்சு, ஓட்டம், சூடு.

*ரத்தம்.* வளர்ந்தவர் உடம்பில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம். அதில் 2 லிட்டர் போனால் உயிர் ஊசலாடும். எனவே மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால், பீறிடும் அல்லது நிற்காமல் வழியும் ரத்தத்தைத் தேடுங்கள். கறுப்புத் துணியில் ரத்தம் தெரியாது. கையுறை போட்ட கையால் அக்குள், தொடை இடுக்கு, முதுகுக்கு அடியில் தடவிக் கையைப் பாருங்கள்.

கை, காலில் என்றால் டூர்னிக்கே:

1. காயத்துக்கு மேலே, உடம்புப் பக்கமாக, 5 முதல் 7 செ.மீ. தள்ளிக் கட்டுங்கள். முழங்கால், முழங்கை மூட்டின்மேல் கட்டக் கூடாது. காயம் எங்கே என்று தெரியவில்லை, நேரமும் இல்லை என்றால் துணியோடு சேர்த்துக் கை அல்லது காலின் மேல்முனையில் கட்டுங்கள். அந்த இடத்தில் பாக்கெட்டில் ஃபோனோ சாவியோ இருந்தால் எடுத்துவிடுங்கள்.
2. பட்டையை முதலில் கையால் இழுக்க முடிந்தவரை இறுக்குங்கள். தொடக்கத்திலேயே தொளதொளவென்று இருந்தால் எவ்வளவு முறுக்கினாலும் பயனில்லை. புதியவர்கள் எல்லாரும் செய்யும் பிழை இதுதான்.
3. ரத்தம் நிற்கும்வரை முறுக்குக் கம்பியைச் சுற்றுங்கள். அவர் கத்துவார். சரியாகக் கட்டிய டூர்னிக்கே கடுமையாக வலிக்கும். கத்தலைக் கேட்டுத் தளர்த்திவிடாதீர்கள்.
4. கம்பியைப் பூட்டி, கட்டிய நேரத்தை டூர்னிக்கேயிலோ அவர் நெற்றியிலோ எழுதுங்கள்.
5. இன்னும் கசிந்தால் அதற்கு மேலே இரண்டாவதைக் கட்டுங்கள்.

கட்டினால் காலை வெட்ட வேண்டிவரும் என்ற பழைய பயம் இன்னும் பலரிடம் இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவமனை போய்விட்டால் அப்படி ஆகும் வாய்ப்பு குறைவு. இடையிடையே தளர்த்தி 'ரத்தம் ஓடவிடுவது' என்பது ஒழிக்க வேண்டிய பழக்கம். அவிழ்ப்பது மருத்துவர் வேலை. இடுப்பு பெல்ட்டைக் கட்டினால் ஆகாதா என்று ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவர் கேட்பார். பெல்ட் விறைப்பானது, தமனி அடைபடும் அளவுக்கு முறுக்க முடியாது. வேறு எதுவுமே இல்லையென்றால் நான்கு விரற்கடை அகலத் துணியும் உடையாத குச்சியும் மேல்.

தொடை இடுக்கு, அக்குள், கழுத்தடி: இங்கே டூர்னிக்கே கட்ட இடமில்லை. ஹெதரிங்டனின் காயம் இப்படிப்பட்ட இடத்தில்தான். இங்கே காஸ் துணியை விரலால் காயத்தின் ஆழத்துக்கு, ரத்தம் வரும் இடத்தைத் தேடித் திணிக்க வேண்டும். வெளியே தெரியும்வரை நிரப்பி, இரு கைகளையும் வைத்து உடம்பு எடை முழுவதையும் கொடுத்து அழுத்துங்கள். மருந்து தடவிய காஸ் என்றால் குறைந்தது 3 நிமிடம், சாதாரணத் துணி என்றால் 10 நிமிடம். நடுவில் 'நின்றுவிட்டதா' என்று எடுத்துப் பார்க்காதீர்கள். பிறகு அதன்மேல் இறுக்கமான பேண்டேஜ். எழுதும்போது எளிதாகத் தெரிகிறது. இறைச்சித் துண்டில் ஓட்டை போட்டுப் பழகிப் பாருங்கள், விரல் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பது அப்போதுதான் பிடிபடும். நெஞ்சு, வயிறு, மண்டை ஓட்டுக் காயங்களுக்குள் எதையும் திணிக்கக் கூடாது. குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்கவும் கூடாது. அசையாதபடி சுற்றிலும் துணி வைத்துக் கட்டுங்கள்.

*வழி.* பேசுகிறார் என்றால் காற்று போகும் வழி திறந்திருக்கிறது. மயங்கியவர் மூச்சு விடுகிறார் என்றால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மல்லாந்து கிடந்தால் நாக்கும் வாந்தியும் தொண்டையை அடைக்கும். முகத்தில் அடிபட்டவர் முன்னால் சாய்ந்து உட்கார விரும்பினால் விடுங்கள். பிடித்துப் படுக்க வைக்காதீர்கள்.

*மூச்சு.* கழுத்திலிருந்து தொப்புள்வரை முன்னும் பின்னும் அக்குளிலும் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் நுழைந்த குண்டு மறுபக்கம் வெளியேறியிருக்கலாம். வால்வு வைத்த சீல் ஒட்டுங்கள். ஒட்டியபின் மூச்சுத்திணறல் கூடினால் ஒரு முனையைத் தூக்கிக் காற்றை வெளியேற்றி மறுபடி ஒட்டுங்கள். சீல் இல்லையென்றால் காற்றுப் புகாதபடி பிளாஸ்டிக்கால் மூடுவதைவிடத் திறந்தே விடுவது மேல். எந்த நிலையில் மூச்சு எளிதாக வருகிறதோ அந்த நிலையில் அவரை வையுங்கள்.

*ஓட்டம்.* கட்டியவை எல்லாம் பிடித்து நிற்கின்றனவா என்று மறுபடி பாருங்கள். வெளிறிய, வியர்த்த, குளிர்ந்த தோல், வேகமான மெல்லிய நாடித்துடிப்பு, குழப்பமான பேச்சு என்றால் உள்ளே எங்கோ ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. இனி நீங்கள் செய்யக்கூடியது விரைவாகக் கொண்டுபோவதுதான். குடிக்கத் தண்ணீர் கேட்பார், பாவமாக இருக்கும். உதட்டை நனைக்கலாம். உடனே அறுவை சிகிச்சைக்குப் போகும் வாய்ப்பு இருப்பவருக்குக் குடிக்கக் கொடுக்காதீர்கள்.

*சூடு.* வெயில் கொளுத்தும் ஊரிலும் ரத்தம் இழந்தவர் உடம்பு குளிர்ந்துபோகும். குளிர்ந்த உடம்பில் ரத்தம் சரியாக உறையாது. தரையிலிருந்து பிரித்துக் கீழே ஏதாவது விரியுங்கள், ஈரத் துணியைக் களையுங்கள், ஃபாயில் போர்வையால் மூடுங்கள். பயிற்சியில் எல்லாரும் மறந்துவிடும் படி இதுதான்.

இவற்றை எல்லாம் செய்யும்போது பேசிக்கொண்டே இருங்கள். 'உன் கால்ல கட்டு போட்டாச்சு, ரத்தம் நின்னுடுச்சு, இப்ப வண்டியில ஏத்தப் போறோம்.' அவருக்கும் தெம்பு, உங்கள் கை நடுக்கத்துக்கும் மருந்து.

காயமின்றி மூச்சும் நினைவும் நின்றவருக்குச் சி.பி.ஆர்., அதாவது மார்பை அழுத்தி, வாயில் காற்று ஊதும் முதலுதவி: மார்பு நடுவில் 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், முப்பதுக்கு இரண்டு ஊதல். ஊத விருப்பமில்லையென்றால் அழுத்தம் மட்டும். தீக்காயத்துக்கு ஓடும் குளிர்ந்த நீர், 20 நிமிடம். ஐஸ், பற்பசை, மை எதுவும் கூடாது. மோதிரம், கடிகாரத்தை வீக்கம் வருமுன் கழற்றிவிடுங்கள். தோலோடு ஒட்டிய துணியை உரிக்காதீர்கள்.

குண்டு, ஷெல், கண்ணிவெடி

மறைவு வேறு, அரண் வேறு. புதர், தகரக் கதவு, காரின் கதவு எல்லாம் உங்களை மறைக்கும். ரைஃபிள் குண்டை நிறுத்தாது. காரின் பின்னால்தான் பதுங்க வேண்டுமென்றால் இன்ஜினும் சக்கரமும் இருக்கும் பக்கம். ஷெல் (பீரங்கிக் குண்டு) விழுந்தால் சிதறல் மேல்நோக்கி விரியும், அதனால் பள்ளத்தில் குப்புறப் படுங்கள். கேமராவைத் தூக்கிக்கொண்டு நிற்காதீர்கள். எங்கே போனாலும் 'இப்போது சுட்டால் எங்கே பாய்வேன்' என்று கண் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் திருமண மண்டபத்திலும் வாசலை எண்ணுவீர்கள், பரவாயில்லை.

வெடித்த இடத்துக்கு முதலில் ஓடுவது நம் தொழிலின் குணம். 2018 ஏப்ரல் 30 அன்று காபூலில் முதல் குண்டு வெடித்ததும் செய்தியாளர்கள் திரண்டார்கள். செய்தியாளர் போல வேடமிட்டு, கேமராவோடு அவர்களுக்குள் கலந்தவன் இரண்டாவது குண்டை வெடித்தான். ஏ.எஃப்.பி. செய்தி நிறுவனத்தின் புகைப்படக் கலைஞர் ஷா மராய் உட்பட ஒன்பது செய்தியாளர்கள் இறந்தார்கள். எனவே வெடித்த இடத்தில் கூட்டமாக நிற்காதீர்கள். தூரத்திலிருந்து, பக்கவாட்டிலிருந்து, அரணுக்குப் பின்னாலிருந்து எடுங்கள். முதல் படம் போட்டியாளருக்குப் போகட்டும்.

புகைப்படக் கலைஞர் ராபர்ட் காப்பா 1954-இல் இந்தோசீனாவில் இறந்தது கண்ணிவெடியை மிதித்து. 2010-இல் ஆப்கானிஸ்தானில் புகைப்படக் கலைஞர் ஜோவாவ் சில்வா இரு கால்களையும் இழந்ததும் அப்படித்தான். சாலையோரம் சிறுநீர் கழிக்க இறங்குவது, நல்ல கோணத்துக்காக வயலுக்குள் இரண்டடி வைப்பது, இவைதான் ஆளைத் தீர்ப்பவை. ஊரார் நடக்காத பாதையில் நடக்காதீர்கள். ஏதோ கண்ணில் பட்டுச் சந்தேகம் வந்தால் நில்லுங்கள், மற்றவர்களையும் நிற்கச் சொல்லிக் கத்துங்கள், எதையும் தொடாதீர்கள், உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள். வெடியில் சிக்கியவரை நோக்கி ஓடுவதுதான் அடுத்த சாவு.

கூட்டமும் கண்ணீர்ப்புகையும்

இரு தரப்புக்கும் நடுவே நிற்காதீர்கள். ஓரமாக, சற்று உயரமாக, வெளியேற இரண்டு வழிகள் உள்ள இடமாகப் பாருங்கள். கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம். சாதாரண முகமூடி தூசுக்கு ஆகும், புகைக்கு வடிகட்டி வைத்த வாயு முகமூடி வேண்டும். கண்ணீர்ப்புகை காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தங்கும். எனவே காற்று வரும் திசை நோக்கி, மேட்டுக்கு ஏறுங்கள். கண்ணைக் கசக்காதீர்கள், சுத்தமான நீரால் தாராளமாகக் கழுவுங்கள். குப்பி சூடாக இருக்கும், கையால் எடுக்காதீர்கள். 'உயிர்க்கொல்லி அல்ல' என்று சொல்லிச் சுடப்படும் ரப்பர், நுரைக் குண்டுகளும் கண்ணைக் குருடாக்கும். 2020-இல் அமெரிக்காவின் மினியாபோலிஸ் போராட்டத்தில் புகைப்படச் செய்தியாளர் லிண்டா டிராடோ இடது கண் பார்வையை இழந்தார். மோதலைத் தாங்கும் பாதுகாப்புக் கண்ணாடிக்கு ஆகும் செலவு கேமரா லென்ஸ் மூடிக்கு ஆவதைவிடக் கொஞ்சம்தான் கூட.

சாவடி, பிடிபடுதல், ஃபோன்

சாவடியில் வேகத்தைக் குறைத்து, உள்விளக்கைப் போட்டு, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, கைகள் தெரியும்படி இருங்கள். பதிவை நிறுத்துங்கள். பேசுவது ஒருவராக இருக்கட்டும். ஆயுதம் ஏந்திய பையனுக்கு உங்களைவிடப் பயம் அதிகமாக இருக்கலாம், குடித்துமிருக்கலாம். நகைச்சுவை வேண்டாம், வாக்குவாதமும் வேண்டாம்.

பிடிபட்டால் முதல் சில நிமிடங்களும், விடுவிக்கவோ மீட்கவோ வரும் கடைசி நிமிடங்களும்தான் மிக ஆபத்தானவை. அப்போது சொன்னதைச் செய்யுங்கள், திடீரென்று அசையாதீர்கள். பிறகு உண்ணுங்கள், தூங்குங்கள், நாட்களை எண்ணுங்கள், உங்களை ஒரு மனிதராக அவர்கள் பார்க்கும்படி குடும்பத்தைப் பற்றிப் பேசுங்கள். எளிதில் பொய் என்று கண்டுபிடிக்கக்கூடிய எதையும் சொல்லாதீர்கள்.

ஃபோனை அவர்கள் திறந்து பார்ப்பார்கள் என்று வைத்துக்கொண்டே கிளம்புங்கள். தகவல் தந்தவர்களின் பெயர், படங்கள், உரையாடல்கள் அதில் இருக்கக் கூடாது. விரல்ரேகை, முகம் காட்டித் திறப்பதை அணைத்து நீண்ட கடவுச்சொல் வையுங்கள். சாட்டிலைட் ஃபோன் தன் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும். சுருக்கமாகப் பேசி, அணைத்து, இடம் மாறுங்கள்.

பாலியல் வன்முறை பற்றிப் பயிற்சியில் பேசாமல் கடந்துவிட்டால் கேளுங்கள். கூட்டத்துக்குள் தனியாகப் போகாமலிருப்பது, ஜோடியாக நின்று ஒருவர் முதுகை மற்றவர் பார்ப்பது, தங்குமிடக் கதவுக்குத் தடை வைப்பது, நேர்ந்துவிட்டால் எத்தனை மணி நேரத்துக்குள் என்ன மருந்து வேண்டும் என்பது (எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும்) எல்லாரும் அறிய வேண்டியவை, ஆண்களும்தான். இது நடந்தால் அடுத்த பணி தரமாட்டார்கள் என்ற பயத்தில் பலர் வாயே திறப்பதில்லை. அந்தப் பயத்தைப் போக்குவது ஆசிரியர் குழுவின் பொறுப்பு.

திரும்பி வந்தபின்

தூக்கமின்மை, எரிச்சல், சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடல், திரும்பத் திரும்ப அதே காட்சி. சில நாள், சில வாரம் இருந்தால் இயல்பு. ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து வேலையையும் வீட்டையும் கெடுத்தால், இந்தத் துறை தெரிந்த மனநல மருத்துவரைப் பாருங்கள். களத்துக்கே போகாமல் அலுவலகத்தில் உட்கார்ந்து நாள் முழுக்க ரத்தக் காணொளிகளைச் சரிபார்ப்பவர்களுக்கும் இது வரும். அவர்கள் ஒலியை அணைத்து, திரையைச் சிறிதாக்கிப் பார்ப்பது கொஞ்சம் உதவும். செய்தியாளர்களின் மன அதிர்ச்சிக்கென்றே டார்ட் மையம் தயாரித்த கையேடுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

பயிற்சிச் சான்றிதழ் சில ஆண்டுகளுக்குச் செல்லும். கை அத்தனை நாள் தாங்காது, சில மாதங்களிலேயே மறக்கத் தொடங்கும். முதல் வகுப்பில் என் தொடையில் நானே டூர்னிக்கே கட்ட ஒன்றரை நிமிடம் பிடித்தது. அது நிஜக் காயமாக இருந்திருந்தால் பாதி ரத்தம் போயிருக்கும். இப்போது மாதம் ஒருமுறை, ஒரு முறை வலக்கையால், ஒரு முறை இடக்கையால் மட்டும், ஒரு முறை விளக்கை அணைத்துவிட்டுக் கட்டிப் பார்க்கிறேன். அரை நிமிடத்துக்குள் முடிகிறது. குழுவாகப் போகிறவர்கள் புறப்படும் முந்தைய இரவில், யாராவது 'கால்!' என்று கத்த, மற்றவர் கட்ட வேண்டும் என்று விளையாட்டாகவே செய்யலாம்.

பயிற்சிக்கென்று தனியாக ஒரு டூர்னிக்கே வாங்கி, அதில் நிற நாடா சுற்றி அடையாளம் போட்டுவிடுங்கள். பலமுறை முறுக்கிய பட்டை நைந்திருக்கும், கம்பி பலவீனமாகியிருக்கும். களத்துக்குப் போகும் பையில் இருப்பது உறை பிரித்து, பட்டை தயாராக மடித்து, ஒருமுறைகூட முறுக்காததாக இருக்க வேண்டும்.